இல்லறப் பிணக்கும் இரு வீட்டாரும்

கணவன் மனைவிக்கிடையே பிணக்கு என்று கேள்விப்பட்டதும், 'தொழுகையில்லாத வீடு, அங்கே அப்படித்தான் இருக்கும்' என்று சொல்லிவிடுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஐந்து வேளையும் பள்ளிக்குச் செல்கிறவர் வீட்டில், ஓதிப் படித்த பெண் வாழ்கிற வீட்டில் மனக்கசப்பு என்றால் வியப்படைகிறோம். அந்த வீட்டாரும் அதைத் தங்கள் ஈமானில் நேர்ந்துவிட்ட குறைபோலக் கருதி வெட்கப்படுகிறார்கள். இந்த எண்ணத்தை முதலில் நாம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இல்லங்களிலெல்லாம் சிறந்த இல்லம் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் இல்லம். அங்கும் பிணக்கு வந்ததுண்டு. அதை ஸஹாபாக்கள் மறைக்கவில்லை. ஹதீஸ்களைத் தொகுத்த இமாம்களும் மறைக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தம்மிடம் மகிழ்ச்சியாக இருப்பதும் கோபமாக இருப்பதும் தமக்குத் தெரியும் என்று ஒருமுறை நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். எப்படித் தெரியும் என்று அன்னையார் கேட்டார்கள். மகிழ்ச்சியாக இருக்கும்போது முஹம்மதின் இறைவன் மீது ஆணையிட்டுப் பேசுவதாகவும், கோபமாக இருக்கும்போது இப்ராஹீமின் இறைவன் மீது ஆணையிடுவதாகவும் பெருமானார் எடுத்துக்காட்டினார்கள். அன்னையார் அதை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் தாம் விட்டுவிடுவது பெயரை மட்டும்தான் என்று பதில் சொன்னார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள செய்தி இது. மனைவியின் பேச்சில் ஒரு சொல் மாறியதைக்கூடக் கவனித்து வைத்திருக்கிற கணவரையும், கோபத்திலும் எல்லை தாண்டாத மனைவியையும் இதிலே காண்கிறோம். கோபப்பட்டதற்காகக் கண்டிப்பு எதுவும் அங்கே இல்லை.

உமர் (ரலி) அவர்கள் பிற்காலத்தில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் மனம் திறந்து சொன்ன செய்தி ஒன்று உண்டு. மக்காவில் குறைஷியர் தங்கள் பெண்களை அடக்கி வைத்திருந்தார்கள். மதீனாவுக்கு வந்தபோது, அன்ஸாரிப் பெண்கள் கணவர்களிடம் துணிந்து பேசுவதைக் கண்டு குறைஷிப் பெண்களும் அதைக் கற்றுக்கொண்டார்கள். ஒருநாள் உமர் (ரலி) அவர்கள் தம் மனைவியைக் கடிந்துகொள்ள, அவர் எதிர்த்துப் பதில் பேசிவிட்டார். அது பிடிக்கவில்லை என்று உமர் சொன்னதும், நாயகத்தின் மனைவியர்கூட அவர்களிடம் மறுத்துப் பேசுகிறார்களே, பகல் முழுவதும் பேசாமலும் இருந்துவிடுகிறார்களே என்று கேட்டுவிட்டார் அந்த அம்மையார். உமர் (ரலி) அவர்கள் பதறிப்போய்த் தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் ஓடினார்கள். உண்மைதான் என்று மகளும் சொன்னார்.

ஆகவே பிணக்கு வருவது பாவமன்று. வந்த பிணக்கை எவரிடம் கொண்டு செல்கிறோம், எந்த நேரத்தில் கொண்டு செல்கிறோம் என்பதில்தான் ஒரு குடும்பம் நிற்பதும் விழுவதும் இருக்கிறது. நம் மஹல்லாக்களில் முறிந்துபோன திருமணங்களை எண்ணிப் பாருங்கள். முதலில் மூண்ட சண்டை எதைப்பற்றி என்று கேட்டால் இரு தரப்பாருக்கும் சரியாக நினைவிருக்காது. அதற்குப் பிறகு யார் யார் வந்து என்னென்ன பேசினார்கள் என்பது மட்டும் ஒரு சொல் விடாமல் நினைவில் இருக்கும்.

அலீ (ரலி) அவர்களுக்கு 'அபூ துராப்' என்ற பெயர் வந்த வரலாற்றைப் பயான்களில் கேட்டிருப்பீர்கள். பெயர்க் காரணம் சொல்வதற்காகவே அது பெரும்பாலும் சொல்லப்படுகிறது. நான் இங்கே அதை மாமனார்களின் கவனத்துக்காகச் சொல்கிறேன். ஸஹ்ல் இப்னு ஸஅது (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரியில் பதிவாகியுள்ளது.

நாயகம் (ஸல்) அவர்கள் ஒருநாள் தம் மகளார் ஃபாத்திமா (ரலி) அவர்களின் வீட்டுக்கு வந்தார்கள். மருமகனை வீட்டில் காணவில்லை. எங்கே என்று மகளிடம் கேட்டார்கள். கேட்கும்போது, 'உன் கணவர்' என்றோ 'அலீ' என்றோ சொல்லாமல், அவளுடைய தந்தைவழி உறவுக்காரர் என்ற முறையைச் சொல்லிக் கேட்டார்கள். மகளின் மனம் இளகட்டும் என்பதற்காகவே உறவை நினைவூட்டினார்கள் என்று ஹதீஸுக்கு விரிவுரை எழுதிய அறிஞர்கள் கூறுவர். தங்களுக்குள் ஏதோ நடந்துவிட்டதாகவும், அவர் கோபித்துக்கொண்டு வெளியே போய்விட்டதாகவும், நண்பகலில் வீட்டில் ஓய்வெடுக்கவில்லை என்றும் ஃபாத்திமா (ரலி) அவர்கள் சொன்னார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள்.

நாயகம் (ஸல்) அவர்கள் ஒருவரை அழைத்து, அலீ எங்கே என்று பார்த்துவரச் சொன்னார்கள். பள்ளிவாசலில் படுத்திருக்கிறார் என்று தெரிந்தது. மருமகனைக் கூப்பிட்டு அனுப்பவில்லை. தாமே எழுந்து போனார்கள். மேலாடை ஒரு பக்கம் சரிந்து, உடம்பெல்லாம் மண் ஒட்டியிருக்க அலீ (ரலி) அவர்கள் படுத்திருந்தார்கள். பெருமானார் தம் கையால் அந்த மண்ணைத் துடைத்துவிட்டு, மண்ணின் தந்தை என்று பொருள்படும் அந்தப் பெயரைச் செல்லமாகச் சொல்லி எழுப்பினார்கள்.

ஹதீஸை மீண்டும் ஒருமுறை படியுங்கள். என்ன நடந்தது என்று தகப்பனார் கேட்கவேயில்லை. தவறு யார் பக்கம் என்று விசாரிக்கவில்லை. மகள் உலகத்துப் பெண்களின் தலைவி; தந்தையோ அல்லாஹ்வின் தூதர்; விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல அவர்களைவிடத் தகுதியானவர் யார்? இருந்தும் கேட்கவில்லை. சண்டை எதைப்பற்றி என்பது பதினான்கு நூற்றாண்டுகள் கழிந்தும் உம்மத்துக்குத் தெரியாமலே இருக்கிறது.

நம் வீடுகளில் நடப்பது என்ன? மகளின் முகம் வாடியிருக்கக் கண்டால் வாப்பா கேட்கிற முதல் கேள்வி, "மாப்பிள்ளை என்ன சொன்னார்?" உம்மா கேட்கிற கேள்வி, "உன் மாமி என்ன சொன்னாள்?" அன்பினால் கேட்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண் பதில் சொல்லத் தொடங்கியதும் ஒரு வழக்கு உருவாகிவிடுகிறது. சொன்னதற்கு அவள் சாட்சியாக நின்றாக வேண்டும். அன்றிரவே கணவன் தலைவலிக்குத் தைலம் தேய்த்துவிட்டால் அவளுக்குக் கோபம் போய்விடும். தந்தையின் மனத்திலிருந்து போகாது. ஏனெனில் சண்டையைத்தான் அவரிடம் சொன்னார்கள், தைலம் தேய்த்ததை யாரும் போய்ச் சொல்வதில்லை. அடுத்த பெருநாளுக்கு மாப்பிள்ளை வரும்போது மாமனார் முகம் கொடுத்துப் பேசமாட்டார். மாப்பிள்ளைக்குக் காரணம் புரியாது. அங்கே இரண்டாவது பிணக்கு பிறக்கிறது.

இதற்கு மருந்தையும் நாயகத்தின் இல்லத்திலேயே காணலாம். அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் ஒருநாள் நாயகத்தின் வீட்டு வாசலில் வந்து அனுமதி கேட்டபோது, உள்ளே தம் மகள் ஆயிஷா (ரலி) குரலை உயர்த்திப் பேசுவது காதில் விழுந்தது. உள்ளே வந்ததும் மகளை அறையப் போனார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் குறுக்கே நின்று தடுத்துவிட்டார்கள். தந்தையார் கோபத்தோடு வெளியேறினார்கள். அவர் போனதும், அந்த மனிதரிடமிருந்து உன்னை எப்படிக் காப்பாற்றினேன் பார்த்தாயா என்று பெருமானார் மனைவியிடம் கேட்டார்கள். சில நாட்கள் சென்று அபூபக்கர் (ரலி) மீண்டும் வந்தபோது இருவரும் சமாதானமாக இருந்தார்கள். உங்கள் போரில் என்னைச் சேர்த்துக்கொண்டதுபோல உங்கள் சமாதானத்திலும் என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கருத்துப்பட அவர்கள் கேட்க, சேர்த்துக்கொண்டோம் என்று இருமுறை சொன்னார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதில் உள்ளது. எந்தப் பெற்றோரின் காதில் உங்கள் சண்டை விழுந்ததோ அந்தப் பெற்றோரைச் சமாதானத்திலும் சேர்த்துக்கொள்வது பிள்ளைகளின் கடமை. ஒரு நாள் இருவருமாகப் போய் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் போதும்.

அடுத்து, பெட்டி கட்டுகிற வழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சண்டை முற்றியதும், "உன் வாப்பா வீட்டுக்குப் போ" என்று கணவன் சொல்வதும், "போகிறேன்" என்று மனைவி துணிகளை எடுத்து வைப்பதும் நமக்குப் பழகிப்போன காட்சிகள். திருமறையின் 65ஆவது அத்தியாயமான சூரத்துத் தலாக்கின் முதல் வசனத்தைக் குடும்பத்தார் அனைவரும் பொருளறிந்து ஓத வேண்டும். தலாக் சொல்லப்பட்டுவிட்ட பெண்ணைக்கூட இத்தா முடியும்வரை அவள் வாழ்ந்த வீட்டிலிருந்து வெளியேற்றாதீர்கள், அவளும் வெளியேற வேண்டாம் என்று அல்லாஹ் தஆலா அங்கே கட்டளையிடுகிறான். வெளிப்படையான மானக்கேடு நிகழ்ந்தால் மட்டும் விலக்கு. அதன்பின் அல்லாஹ் ஏதேனும் ஒரு புதிய நிலையை உண்டாக்கக்கூடும் என்று அதே வசனம் காரணத்தையும் உணர்த்துகிறது. தலாக்குக்குப் பிறகே இந்தச் சட்டமென்றால், கறியில் உப்புக் கூடியதற்கும் நாத்தனார் கல்யாணச் செலவுக்கும் மூண்ட சண்டையில் வீட்டைவிட்டுப் போகச் சொல்வதற்கு எங்கே இடமிருக்கிறது?

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து வாழ்கிற வழக்கம் உண்டு. அங்கே கோபித்துக்கொண்டு போவது ஆணாக இருக்கும். போகட்டும், அலீ (ரலி) அவர்களும் போனார்கள். ஆனால் எங்கே போனார்கள் என்று பாருங்கள். தம் கூட்டாளிகளிடம் போய் மனைவியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கவில்லை. பள்ளிவாசலில் போய்ப் படுத்துக்கொண்டார்கள். கோபம் தணிய ஓரிடம் வேண்டும்தான். நின்றுகொண்டிருந்தால் உட்கார்ந்துகொள்ளவும், அப்போதும் தணியாவிட்டால் படுத்துக்கொள்ளவும் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள்.

பெருமானாரே ஒருமுறை மனைவியரை விட்டு ஒதுங்கி, தமது மேல்மாடி அறையில் 29 நாட்கள் தங்கியிருந்தார்கள். அன்னையர் தத்தம் அறைகளிலேயே இருந்தார்கள். எவரையும் தாய்வீட்டுக்கு அனுப்பவில்லை. அதற்குள் மதீனாவில் பரவிய செய்தியோ வேறு. உமர் (ரலி) அவர்களின் பக்கத்து வீட்டு அன்ஸாரித் தோழர் இரவு நேரத்தில் வந்து கதவைப் படபடவென்று தட்டினார். கஸ்ஸானியர் படையெடுத்து வந்துவிட்டார்களா என்று உமர் கேட்டார்கள். அதைவிடப் பெரிய காரியம், நாயகம் (ஸல்) அவர்கள் மனைவியரைத் தலாக் சொல்லிவிட்டார்கள் என்றார் அவர். பள்ளியில் மக்கள் கூடிக் கவலையோடு இருந்தார்கள். தலாக் என்பதே நடக்கவில்லை! உமர் (ரலி) அவர்கள் நேரே அந்த மேல்மாடிக்குப் போய், மூன்று முறை அனுமதி கேட்டு, உள்ளே சென்று பெருமானாரிடமே விசாரித்தபோதுதான் உண்மை தெரிந்தது. ஸஹாபாக்கள் வாழ்ந்த ஊரில், ஒரு நல்ல மனிதரின் வாயிலேயே செய்தி இப்படி வளர்ந்ததென்றால், நம் தெருவில் என்ன ஆகும்!

தெருவாவது ஒரு தெருவோடு நின்றது. இன்று கணவன் துபாயிலோ ரியாத்திலோ இருக்கிறான். மனைவி ஊரில் இருக்கிறாள். முன்பு கடிதம் போய்ச்சேரப் பத்துப் பதினைந்து நாள் ஆகும்; எழுதியவனுக்கே அதற்குள் கோபம் ஆறியிருக்கும். இப்போது வாட்ஸ்அப்பில் கோபத்தோடு பேசி அனுப்பிய குரல் அடுத்த நொடியில் வந்து சேர்கிறது. தங்கை கல்யாணத்துக்கென்று தன்னிடம் சொல்லாமல் பணம் அனுப்பிவிட்டான் என்று மனைவி வருந்துகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் கேட்டதும், அவன் வேலைக் களைப்பில் இரண்டு கடுஞ்சொல் பேசி அனுப்பிவிடுகிறான். அவள் அதைத் தன் உம்மாவுக்கு அனுப்புகிறாள். உம்மா அண்ணனுக்கு அனுப்புகிறாள். அண்ணன் சம்பந்தி வீட்டுப் பெரியவருக்கே அனுப்பி நியாயம் கேட்கிறான். நேரில் பேசிய சொல் காற்றோடு போகும். இந்தச் சொல் போவதில்லை. ஆறு மாதம் கழித்தும் கேட்கலாம். கணவனின் குரலை இன்னொருவருக்கு அனுப்புமுன் அந்தப் பெண்ணும், மனைவி அழுததைக் கூட்டாளிகளிடம் சொல்லுமுன் அந்த ஆணும், அது தங்களிடம் உள்ள அமானிதம் என்பதை எண்ண வேண்டும். அதே நேரத்தில், மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தங்கைக்குப் பணம் அனுப்பியிருந்தால் பிணக்கே வந்திராது என்பதையும் சபுராளிகள் மறக்கக் கூடாது.

கோபத்தில் வாயிலிருந்து வரும் சொற்களில் மிகக் கொடியது தலாக். அதை ஒரே மூச்சில் மூன்றாகச் சொல்லிவிட்டுப் பிறகு ஆலிம்களைத் தேடி அலைந்தவர்கள் நம்மில் உண்டு. அப்படிச் சொல்வது செல்லாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 22-8-2017 அன்று தீர்ப்பளித்தது. 2019இல் இயற்றப்பட்ட சட்டம் அதை மூன்றாண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகவும் ஆக்கியது. சட்டத்துக்கு அஞ்சி நாவை அடக்குவதைவிட அல்லாஹ்வுக்கு அஞ்சி அடக்கியிருந்தால் நமக்குப் பெருமையாக இருந்திருக்கும். அவ்ஸ் இப்னு ஸாமித் (ரலி) அவர்கள் கோபத்தில் மனைவி கவ்லா (ரலி) அவர்களைத் தம் தாய்க்கு ஒப்பிட்டுச் சொன்ன ஒரே சொல்லுக்காகச் சூரத்துல் முஜாதலாவின் தொடக்க வசனங்கள் இறங்கின. அடிமையை விடுதலை செய்ய வேண்டும். இயலாவிட்டால் தொடர்ந்து இரண்டு மாத நோன்பு. அதுவும் இயலாவிட்டால் அறுபது ஏழைகளுக்கு உணவு. ஒரு சொல்லின் விலை இது.

இருவருக்குள்ளேயே தீராத பிணக்கும் உண்டு. அப்போது என்ன செய்வது? பிளவு ஏற்பட்டுவிடும் என்று அஞ்சினால் கணவன் குடும்பத்திலிருந்து ஒருவர், மனைவி குடும்பத்திலிருந்து ஒருவர் என நடுவர்களை ஏற்படுத்துமாறு திருமறை (4:35) ஏவுகிறது. தரப்புக்கு ஒருவர்! நம் ஊர்ப் பஞ்சாயத்துகளிலோ பதினைந்து பேர் கூடுகிறார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா ஒரு பக்கம், பெண்ணின் தாய்மாமா மறுபக்கம், இடையில் ஜமாஅத் தலைவர். சீர் வரிசையில் வந்த பாத்திரக் கணக்கு முதற்கொண்டு பேசப்படும். யாருடைய வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிறார்களோ அந்தப் பெண் அங்கே இருக்கமாட்டாள். அவள் விருப்பம் என்ன என்று தனியே கேட்டு வந்தவரும் இருக்கமாட்டார்.

அலீ (ரலி) அவர்கள் கலீஃபாவாக இருந்தபோது ஒரு கணவனும் மனைவியும் ஆளுக்கொரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு அவர்களிடம் வந்தார்கள். கூட்டத்தைப் பேசவிடாமல், தரப்புக்கு ஒரு நடுவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். சேர்த்து வைப்பது நல்லதென்று கண்டால் சேர்ப்பதும், பிரிப்பது நல்லதென்று கண்டால் பிரிப்பதும் உங்கள் பொறுப்பு என்று அந்த நடுவர்களுக்கு உணர்த்தினார்கள். அல்லாஹ்வின் வேதம் தனக்குச் சாதகமானாலும் பாதகமானாலும் ஏற்பதாக மனைவி சொன்னாள். பிரிவு என்றால் ஏற்கமாட்டேன் என்றான் கணவன். அவள் ஒப்புக்கொண்டதைப்போல நீயும் ஒப்புக்கொள்ளாமல் இங்கிருந்து போக முடியாது என்று அலீ (ரலி) அவர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். நடுவர்கள் தாமாகவே பிரித்துவைக்கலாமா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நடுவர் முயற்சி முதலில் நடக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. உச்ச நீதிமன்றமும் 2002இல் ஷமீம் ஆரா வழக்கில், தலாக்குக்கு நியாயமான காரணம் வேண்டும், அதற்கு முன் இரு தரப்பு நடுவர்களின் சமாதான முயற்சி நடந்திருக்க வேண்டும் என்று கூறியது.

நடுவராகப் போகிறவர் வாதாடப் போகவில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பெண் வீட்டு நடுவர் மாப்பிள்ளையிடம் தனியாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து அவர் மனக்குறையைக் கேட்கட்டும். மாப்பிள்ளை வீட்டு நடுவர் பெண்ணின் குறையை அவளிடமிருந்தே கேட்கட்டும். பாதிப் பிணக்கு அங்கேயே தீர்ந்துவிடும். அந்த இரு நடுவர்களும் கேட்டதை வெளியில் சொல்லாதவர்களாக இருக்க வேண்டும். வயதில் பெரியவர் என்பதற்காக, வாய் பொறுக்காத ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

இதுவரை சொன்னதையெல்லாம் ஒருவர் தவறாக எடுத்துக்கொள்ளக்கூடும். வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும் என்று நான் சொன்னது பிணக்கைப் பற்றி, கொடுமையைப் பற்றியன்று. அடி வாங்குகிற பெண்ணிடம், சபூர் செய், வெளியே சொல்லாதே என்று போதிப்பது மார்க்கமாகாது. மதீனாவில் கணவர்கள் அடிக்கிறார்கள் என்று முறையிட்டுப் பெண்கள் பலர் நாயகத்தின் வீட்டைத் தேடி வந்தார்கள். ஏன் வெளியே சொன்னீர்கள் என்று அவர்களைப் பெருமானார் கேட்கவில்லை. அப்படி அடிப்பவர்கள் உங்களில் நல்லவர்கள் அல்லர் என்று ஆண்களைத்தான் கண்டித்தார்கள். அவர்கள் தம் மனைவி எவரையும், பணியாள் எவரையும் கையால் அடித்ததே இல்லை என்பது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வாக்குமூலம். உயிருக்கோ உடலுக்கோ அஞ்சுகிற பெண் அந்த வீட்டில் இருந்தாக வேண்டும் என்று ஆலிம் எவரும் சொல்லமாட்டார். அங்கே மாமனார் மண்ணைத் துடைத்துவிட வேண்டியதில்லை. மகளை அழைத்து வர வேண்டும்.

எல்லா முயற்சியும் செய்து, பெரியவர்கள் நல்லெண்ணத்தோடு பேசி, அதன் பிறகும் மனம் இணங்காத நிலையும் உண்டு. பரீரா (ரலி) அவர்கள் அடிமைத் தளையிலிருந்து விடுதலை பெற்றதும், அடிமையாக இருந்த கணவர் முகீஸ் (ரலி) அவர்களோடு வாழ்வதா வேண்டாமா என்று தீர்மானிக்கிற உரிமை அவருக்கு வந்தது. அவர் வேண்டாம் என்றார். முகீஸ் மதீனாவின் தெருக்களில் பரீராவின் பின்னாலேயே தாடி நனைய அழுதுகொண்டு போனதை இப்னு அப்பாஸ் (ரலி) கண்டு சொல்லியிருக்கிறார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் மனமிரங்கி, அவரிடம் திரும்பிப் போகலாமே என்று பரீராவிடம் கூறினார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்டார். இல்லை, பரிந்துரைதான் என்றார்கள் பெருமானார். அப்படியானால் அவர் எனக்குத் தேவையில்லை என்றார் பரீரா. நாயகம் (ஸல்) அவர்கள் அவரை அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

மனைவி கேட்டுப் பெறுகிற பிரிவாகிய குலாவைப் பற்றியும், ஸாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் மனைவி தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்த செய்தியைப் பற்றியும் வாசக சகோதரிகள் அறிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. இன்ஷா அல்லாஹ், அதைப் பிறிதோர் இதழில் தனியாகக் காண்போம்.